பழைய வேனுக்கு ஷாக் அப்சார்பர் மாற்றுதல்

வண்டியின் எடையைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங்தான், ஷாக் அப்சார்பர் அல்ல. பள்ளத்தில் இறங்கி ஏறிய பட்டை ஆடிக்கொண்டே இராமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும்போது எண்ணெய் வால்வுகளின் சிறு துளைகள் வழியே பிதுங்கி ஓடுகிறது. ஆட்டத்தின் ஆற்றல் அதில் சூடாக மாறி, உருளையின் உடல் வழியே காற்றில் போய்விடுகிறது. பின்பக்கம் தொய்ந்த வேனுக்குப் புது ஷாக் மாட்டினால் தொய்வு அப்படியே இருக்கும், பணம்தான் போகும். அந்த வண்டிக்கு முதலில் பட்டையைப் பார்க்க வேண்டும்.

பழைய வேனைப் படுத்துறங்கும் வசதியோடு மாற்றுவதற்கு நம் பக்கம் ஏற்ற வண்டி டெம்போ டிராவலர். மெர்சிடிஸ் பென்ஸ் டி1 வேனின் வழியில் பஜாஜ் டெம்போ செய்த வண்டி அது. 2005இல் அந்த நிறுவனத்தின் பெயர் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆனது. இப்படி மாற்றிய வண்டியில் கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இரவும் பகலும் ஏறியே இருக்கின்றன. நூறு லிட்டர் தண்ணீரே நூறு கிலோ. பயணிகள் வண்டியைப்போல் சுமை இறங்கி ஓய்வு கிடைப்பதில்லை. பட்டாசு ஆலைகள் உள்ள நம் எம். புதுப்பட்டி வட்டாரத்தின் கரிசல் மண்ணோ மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் மண். அதன்மேல் போட்ட சாலை அலை அலையாகத்தான் கிடக்கும். அந்த அலைகளில் ஷாக் ஓயாமல் உழைக்கிறது.

தேய்ந்த ஷாக்கைக் கண்டுபிடிக்க மூலையை அமுக்கிப் பார்ப்பது வழக்கம். காருக்கு அது ஓரளவு உதவும். கனத்த பட்டை உள்ள வேனில் அந்தச் சோதனையை நம்ப முடியாது. நம்பத்தக்க அடையாளங்கள் வேறு: பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிவது, வேகத்தடை தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை துள்ளுவது, டயரில் இடைவிட்டுக் குழிகுழியாகத் தேய்வு. உருளையின் உடலில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தால் கவலையில்லை. தூசியோடு சேர்ந்து ஈரக் களியாக வழிந்திருந்தால் சீல் போய்விட்டது. ஷாக் நன்றாக இருந்து ரப்பர் புஷ் மட்டும் பிளந்திருந்தாலும் கடகட சத்தம் வரும். அதையும் பார்த்த பிறகே வாங்க வேண்டும். மாற்றுவதானால் ஓர் அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உடைத்து எண்ணெய் நிரப்பி வெல்டு வைத்த பழைய ஷாக் மலிவாகக் கிடைத்தாலும் இந்த எடைக்கு ஆகாது.

கழற்றும் வேலைதான் பாதி நாளைத் தின்னும். பல ஆண்டு மழையும் சேறும் கண்ட நட்டு, போல்ட்டோடு ஒன்றாகிப் போயிருக்கும். முந்தின நாள் இரவே துருநீக்கும் எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டும். கரிசல் தரையில் ஜாக்கியை நேரே வைத்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும்; கனமான பலகை அடியில் வேண்டும், ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்குக் கீழே போகவே கூடாது. சேஸிஸைத் தூக்கினால் அச்சு தொங்கி ஷாக்கை முழு நீளத்துக்கு இழுத்துப் பிடிக்கும், போல்ட் வராது. அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தால் இழுவை இல்லாமல் கழலும். சுருள் ஸ்பிரிங்கைப்போல் எதுவும் தெறித்து வராது என்பது பட்டை வண்டியில் பெரிய நிம்மதி.

இந்த வட்டாரத்தில் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இறுகிய போல்ட்டைக் கேஸ் வைத்துச் சூடேற்றுவதும் கிரைண்டரால் அறுப்பதும் எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் உள்ள பழக்கம். பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிய பழைய வேனில் அது உயிருக்கே ஆபத்து. தொழிலாளர்களின் உடையிலும் செருப்பிலும் ஒட்டி வரும் அலுமினியத் தூளும் கந்தகமும் தரைவிரிப்பின் அடியிலும் தகட்டு இடுக்கிலும் தங்கியிருக்கக் கூடும். விரிப்பை எடுத்து, ஈரத் துணியால் துடைத்துக் கழுவிய பிறகே வேலை தொடங்க வேண்டும். அப்போதும் இரும்பறுக்கும் கைவாளும் நீளக் கைப்பிடி ஸ்பானருமே நல்லது. மூடிய ஷாக்கின் உடலில் நெருப்புக் காட்டினால் அதுவே வெடிக்கக் கூடும்.

படுக்கையாகக் கிடந்த புது இரட்டைக்குழாய் ஷாக்கின் உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை அமுக்கி இழுத்தால் காற்று வெளியேறி இழுவை சீராகும். பளபளக்கும் தண்டைப் பிளையரால் பிடிப்பது பெருந்தவறு. ஒரு கீறல் போதும், சீல் கிழிந்துவிடும். ரப்பர் புஷ்ஷுக்குக் கிரீஸ் ஆகாது, ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கி உட்காரும். புஷ் போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் முடுக்கி, சக்கரங்களைத் தரையில் இறக்கி, வண்டி தன் சுமையோடு நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஒரு வாரம் ஓட்டிய பின் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். மாட்டும் நாளில் துடைத்துவிட்ட உருளையில் புதிதாக எண்ணெய் வழிந்த கோடு தெரிந்தால் அந்த ஷாக் கடைக்குத் திரும்ப வேண்டியது. அதுவரை ரசீதையும் பெட்டியையும் வைத்திருப்பது நல்லது.