பழைய லாரிக்கு இண்டிகேட்டர் பல்பு: புதிதாய்க் கைவைக்கும் தம்பிக்கு

1. பல்பு வாங்கச் சென்னை ஜி.பி. ரோட்டுக்கு ஓடுவதற்கு முன் பேட்டரியை எண்ணு. பழைய லேலண்டிலும் பெரிய டாடாவிலும் பெரும்பாலும் இரண்டு பேட்டரி சீரிஸில் சேர்ந்து 24 வோல்ட். அதில் 12 வோல்ட் பல்பைப் போட்டால் சுவிட்சைத் தட்டியதுமே போய்விடும். 12 வோல்ட் வண்டியில் 24 வோல்ட் பல்பு எரியும், ஆனால் அழுதுவடியும். மத்தியான வெயிலில் அண்ணா சாலையில் அது யார் கண்ணுக்கும் படாது.

2. பழைய பல்பைக் கையோடு கொண்டுபோ. அதையே நம்பியும் இருந்துவிடாதே. உனக்கு முன்னால் கைவைத்தவர் தப்பானதைப் போட்டிருக்கலாம். ஹோல்டரைப் பார்.

3. பித்தளை அடிப்பாகத்தில் துருத்தும் இரண்டு முளைகளையும் விரலால் தடவிப் பார். நேரெதிராக, ஒரே உயரத்தில் இருந்து, அடியில் ஒற்றை ஈயப் பொட்டு இருந்தால் அது சிங்கிள் பாயிண்ட், 21 வாட். இண்டிகேட்டருக்குப் பெரும்பாலும் அதுதான். ஒரு முளை ஏறி ஒன்று இறங்கி, பொட்டு இரண்டாக இருந்தால் டபுள் பாயிண்ட், 21/5 வாட். பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து ஒரே பல்பு. மூன்றாவது, ஆரஞ்சு பூசிய பல்பு. அதன் முளைகள் சம உயரம்தான், ஆனால் நேரெதிராக இல்லாமல் சற்றுத் தள்ளியிருக்கும். வெள்ளைப் பல்பு அந்த ஹோல்டரில் நுழையவே கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். மந்தைவெளியில் என்னிடம் வந்த ஒரு தண்ணீர் லாரியில் யாரோ அரத்தால் முளையைத் தேய்த்து வெள்ளைப் பல்பை நுழைத்திருந்தார்கள். இடது பக்கம் வெள்ளையாய் மின்னியது. பின்னால் ஸ்கூட்டரில் பிள்ளையை ஏற்றி வரும் அம்மாவுக்கு லாரி திரும்பப் போகிறது என்று எப்படித் தெரியும்? முளையில் அரத்தை வைக்காதே, தம்பி.

4. ஆரஞ்சுக் கண்ணாடிக்கு வெள்ளைப் பல்பு, வெள்ளைக் கண்ணாடிக்கு ஆரஞ்சுப் பல்பு.

5. 21 வாட் இடத்தில் 10 வாட் பல்பும் கச்சிதமாய் உட்காரும். ஏமாறாதே. இண்டிகேட்டரை மின்னவைக்கும் பிளாஷர் எலக்ட்ரானிக்காக இருந்தால் ஒரு பல்பு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு படபடவென்று அடிக்கும். கம்பி சூடேறி வேலை செய்யும் பழைய பிளாஷர் மந்தமாகும், சமயத்தில் அடிக்கவே அடிக்காது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்ன வேண்டும். கடிகாரத்தை வைத்து எண்ணு. எல்இடி போட்டாலும் இதே தொல்லைதான். அதற்கேற்ற பிளாஷரையும் சேர்த்து மாற்று.

6. புதுப் பல்பும் எரியவில்லையா? திருப்பிக் கொடுக்கக் கிளம்பாதே. பெசன்ட் நகர்ப் பக்கம் ராத்திரியெல்லாம் நிற்கும் வண்டிகளில் கடல்காற்று ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். உப்புத்தாளால் தேய்த்து, எர்த் ஒயரைக் கழற்றித் துருவை எடுத்து இறுக்கு. இண்டிகேட்டரோடு பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மின்னினால் முதலில் எர்த்தைப் பார். அது சரியாயிருந்தால், டபுள் ஹோல்டரில் யாராவது சிங்கிள் பல்பைச் செருகியிருக்கிறார்களா என்று பார்.

7. எல்லாம் மாட்டியதும் ஒருவரை சீட்டில் உட்காரவைத்து, இருபது அடி பின்னால் போய் நில். இடது, வலது, பிரேக், பிறகு பிரேக்கோடு சேர்த்து இண்டிகேட்டர் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிப் பார். அப்புறம் சாவியைக் கொடு.