கியர் மாற்றமும் எஞ்சின் சுற்றும்

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறு தாண்டி வால்பாறை செல்லும் பாதையில் 40. இவற்றில் இறங்கும் வண்டி அடிக்கடி கீழ்க் கியருக்கு மாறியாக வேண்டும். அந்த ஒரு நொடியில் வண்டிக்குள் நிகழ்வது என்ன என்பதை இயற்பியல் மாணவன் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

மூன்றாம் கியரில் செல்லும் காரின் எஞ்சின் நிமிடத்திற்கு 2000 முறை சுற்றுவதாகக் கொள்வோம். இரண்டாம் கியரின் விகிதம் மூன்றாவதைப் போல் ஒன்றரை மடங்கு எனில், அதே வேகத்தில் எஞ்சின் 3000 முறை சுற்ற வேண்டும். சுழலும் பொருளின் ஆற்றல் சுழல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று முதலாண்டிலேயே படித்தோம். ஆக, எஞ்சினின் சுழல் ஆற்றல் இரண்டேகால் மடங்காக வேண்டும். இந்தக் கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வரும்? ஒன்று, ஆக்சிலேட்டரை மிதித்து எரிக்கும் சொட்டுப் பெட்ரோலிலிருந்து வரலாம். இல்லையேல், ஓடும் காரின் ஓட்டத்திலிருந்தே பிடுங்கப்பட வேண்டும். பின்னதுதான் நாம் பேருந்தில் உணரும் குலுக்கல். கிளச் தகடு தேய்கிறது. பயணிகளின் தலைகள் முன்னே சாய்கின்றன.

தேய்மானத்தோடு போனால் பரவாயில்லை. அந்த இழுவை டயர் வழியாகத்தான் எஞ்சினுக்கு வந்து சேர்கிறது. டயருக்குச் சாலையின் மீதுள்ள பிடிப்போ அளவுக்குட்பட்டது. வளைவில் திரும்பவும் அதே பிடிப்பிலிருந்துதான் செலவு செய்ய வேண்டும். பின்சக்கரங்களால் உந்தப்படும் ஸ்போர்ட்ஸ் கார், மழை நனைத்த வளைவில் இப்படித் திடீரென இழுக்கப்பட்டால் பின்புறம் வழுக்கிச் சுழலக்கூடும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம்: இன்றைய கியர்ப் பெட்டியில் சிங்க்ரோமெஷ் இருக்கிறதே, அது போதாதா? 1928இல் கேடிலாக் கார்களில் வந்த அந்த ஏற்பாடு, பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரத்தையும் தண்டையும் உராய்வு வளையத்தால் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அந்நேரம் கிளச் மிதிபட்டிருப்பதால் எஞ்சின் தனியே நிற்கிறது. அதன் வேகத்தை அந்த வளையம் தொடுவதே இல்லை. கியர் சத்தமின்றி விழுந்தது என்பதற்காக எஞ்சினும் இணங்கிவிட்டது என்று பொருளாகாது.

அந்த வளையம் இல்லாத லாரியில் திம்பம் வழியாக மைசூருக்குப் பாரம் ஏற்றிச் சென்றவர் என் அப்புச்சி. கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளச்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மீண்டும் கிளச்சை மிதித்துக் கீழ்க் கியர் போட வேண்டும். இதை ‘டபுள் கிளச்’ என்பார்கள். "சத்தத்தைக் கேட்டுப் போடோணும் கண்ணு" என்பார் அவர். கணக்கை அவருடைய காது போட்டது, அவ்வளவுதான் வேறுபாடு.

பந்தய ஓட்டுநருக்கு இன்னும் ஒரு சங்கடம். வளைவுக்கு முன் வலக்கால் பிரேக்கில் இருக்கும். அதே காலின் ஓரத்தால் ஆக்சிலேட்டரையும் தட்ட வேண்டும். கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார் அமைத்த நம் கோவையில், அவர் பெயரால் 2003இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வேயில், இக்கால்வித்தை பழகியோர் பலர். ஆனால் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டியபோது அவருக்கு அது தேவைப்படவில்லை. ஃபெராரி 1989இல் தொடங்கிவைத்த அரைத் தானியங்கிக் கியர் முறை அதற்குள் எல்லா அணிகளிலும் பரவிவிட்டது.

கிளச் மிதியும் கியர்த் தண்டும் உள்ள சாதாரணக் காருக்கு இவ்வசதியை முதலில் தந்தது, 2009ஆம் ஆண்டு மாடலாக வந்த நிசான் 370இசட். தண்டு எந்தக் கியரை நோக்கிப் போகிறது என்பதை ஓர் உணரி சொல்கிறது. காரின் வேகத்தை மற்றொன்று சொல்கிறது. கணினி இரண்டையும் பெருக்கி, மின்னணு முறையில் காற்று வாயிலைத் திறந்து எஞ்சினை உரிய சுற்றுக்கு உயர்த்துகிறது. ஓட்டுபவர் நேர்ச் சாலையிலேயே பிரேக் பிடித்து, கிளச்சை மிதித்து, தண்டைத் தயங்காமல் தள்ளி, எஞ்சின் ஒலி உயர்ந்ததும் கிளச்சை விட்டால் போதும். கிளச்சை மிதித்தபடியே வளைவுக்குள் உருண்டு போவது இந்தக் காரிலும் ஆபத்துதான்.

இதனால் திறமை மழுங்கும் என்போர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை; நனைந்த வளைவில் கண் சாலையில் இருப்பதே மேல். பழகும் நாட்களில் மட்டும் பொத்தானை அமுக்கி இதை நிறுத்திவைப்பது நல்லது. ஒன்றை மறக்கக்கூடாது: நான்காவதிலிருந்து மூன்றாவது என எண்ணி அதிவேகத்தில் முதல் கியரில் தள்ளிவிட்டால், கணினி தன் எல்லைக்கு மேல் எஞ்சினை உயர்த்தாது. ஆனால் கிளச்சை விட்ட மறுகணம் சக்கரங்களே எஞ்சினை அந்த எல்லைக்கு அப்பால் சுழற்றும். வால்வும் பிஸ்டனும் மோதும். தண்டைப் பிடித்திருக்கும் கை இன்னும் நம்முடையதுதான்.