எஞ்சின் மாற்றமும் புகைத்தடைக் கருவிகளும்

மோட்டார் வண்டியின் பழைய எஞ்சினைக் களைந்துவிட்டு வேறொரு வண்டியின் எஞ்சினை அவ்விடத்தே பொருத்தும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெகுவாகப் பரவியுள்ளது. பழையது தேய்ந்துவிட்டமையாற் சிலரும், மிகுந்த வேகத்தை விரும்பிச் சிலரும் இவ்வேலையில் இறங்குகின்றனர். இளைஞர் பலர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே இதனைச் செய்து முடிப்பதுமுண்டு. பாரந்தூக்கியால் எஞ்சினை இறக்கிவைத்து, திருகாணிகளை முடுக்கிவிட்டால் காரியம் முடிந்தது என்று அவர்களுட் சிலர் எண்ணுகின்றனர். ஆனால் நச்சுப்புகையைத் தடுக்கும் பொருட்டு எஞ்சினைச் சார்ந்து அமைந்த கருவிகள் பல உள. அவற்றை என் செய்வது என்பதே ஈண்டு யாம் கூறப்புகுந்த பொருள். இயந்திரத்தொழில் பயிலும் மாணவர்க்கேயன்றி இரசாயனம் பயில்வோர்க்கும் இதிற் கற்பன உண்டு.

இக்கருவிகள் தோன்றிய காரணத்தை முதலில் அறிதல் நன்று. 1943ஆம் ஆண்டுக் கோடையில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரை ஒருவகைப் புகைமூட்டம் கவிந்துகொண்டது. மக்களுடைய கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. ஒருபுறம் கடலும் மறுபுறம் மலைகளும் சூழ்ந்த அந்நகரில், மேலே வெப்பக்காற்று மூடிபோற் படிந்துவிடுமாதலின், கீழே பிறந்த புகை வெளியேற வழியில்லை. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மிட் என்னும் இரசாயனப் பேராசிரியர் இதன் காரணத்தை ஆராயத் தலைப்பட்டார். வண்டிகளிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன் ஆவிகளும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய ஒளியிற் கலந்து ஓஸோனைப் பிறப்பிக்கின்றன என்பதை அவர் 1950களின் தொடக்கத்தில் நிலைநாட்டினார். ஓஸோன் நுரையீரலை அரிப்பது. பின்னர் 1970ஆம் ஆண்டின் தூயகாற்றுச் சட்டம் புதுவண்டிகளின் புகைக்கு வரம்பு விதித்தது. 1975ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதலாகக் கிரியா ஊக்கிப் பெட்டி வழக்கத்துக்கு வந்தது.

கிரியா ஊக்கி என்பது தான் மாறாமல் பிற பொருள்களின் இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்துவது. இப்பெட்டியினுள் தேனடை போன்ற நுண்துளைகளையுடைய பீங்கான் கட்டியொன்று உளது. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அருமையான உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். புகை அதனூடே செல்லுங்கால், கார்பன் மோனாக்ஸைடும் எரியாத பெட்ரோலும் பிராணவாயுவைப் பெற்றுக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்ஸைடோ தன் பிராணவாயுவை இழந்து, தீங்கற்ற நைட்ரஜனாகின்றது. ஒன்று கொள்ளவேண்டும், மற்றொன்று கொடுக்கவேண்டும். இவ்விரண்டும் ஒரே பெட்டியில் நிகழவேண்டுமாயின், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்னும் விகிதம் பிறழாதிருத்தல் வேண்டும். காற்று மிகுந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு அப்படியே வெளியேறும். பெட்ரோல் மிகுந்தால் மற்ற இரண்டும் தப்பிவிடும். இந்த விகிதத்தைக் காப்பதற்கே புகைக்குழாயில் பிராணவாயு உணர்கருவி ஒன்று வைக்கப்பட்டது. அது தரும் மின்குறிப்பைக் கண்டு, பெட்ரோலை அளந்துவிடுவது கம்ப்யூட்டரின் தொழில்.

எஞ்சின் மாற்றுவோர் இடறி விழும் இடம் இதுவே. பெட்டி இருப்பது வண்டியின் அடிப்பாகத்தில், உணர்கருவி புகைக்குழாயில், கம்ப்யூட்டர் பல வண்டிகளில் ஆசனப் பக்கத்தில், பெட்ரோல் தொட்டியின் ஆவியை உறிஞ்சி வைக்கும் கரிப்பெட்டியோ வண்டியின் உடலோடு பிணைந்திருப்பது. ஆகவே, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கிடங்கிற்குச் சென்று, "எஞ்சின் ஒன்று தாருங்கள்" என்று கேட்டு வாங்கி வருபவன் பாதியையே வாங்கி வருகின்றான். நாற்றை வேரோடு பிடுங்குபவன் தாய்மண்ணையும் சேர்த்தெடுப்பதுபோல, இவ்வுறுப்புக்களனைத்தையும் எஞ்சினோடு சேர்த்தெடுத்தல் வேண்டும்.

விட்டுவிட்டால் வருவது என்ன? வெளியேறும் புகையிற் சிறிதளவை மீண்டும் எஞ்சினுக்குள் விட்டு, எரிவெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் ஆக்ஸைடு பிறவாமற் காக்கும் அடைப்பான் ஒன்றுண்டு. அஃது இருக்கின்றது என்று நம்பியே கம்ப்யூட்டர் தீப்பொறியை முன்கூட்டி விடும். அதை நீக்கி, துளையைத் தகட்டால் அடைத்துவிட்டால், பாரம் ஏறும்போது எஞ்சின் தட்டத் தொடங்கும், பிஸ்டனுக்குக் கேடு. எண்ணெய்ப் பகுதியின் ஆவியை மீண்டும் உள்ளிழுக்கும் குழாயை நீக்கினாலோ எண்ணெய் விரைவிற் சேறாகும். புகையைத் தடுப்பது எஞ்சினுக்குப் பகை என்று சொல்லித் திரிவோர் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. கிரியா ஊக்கிப் பெட்டி எஞ்சினின் வலிமையை விழுங்குகின்றது என்பதும் பெரும்பாலும் வீண் பேச்சே. அடைபட்டதொன்று விழுங்கும், நல்லது விழுங்காது.

சட்டமும் இதற்கிசையவே அமைந்துளது. புகைத்தடைக் கருவிகளை நீக்குதலும் செயலிழக்கச் செய்தலும் முன்னர் உற்பத்தியாளர், வியாபாரி, பட்டறைக்காரர் ஆகியோருக்கே குற்றமாயிருந்தன. 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் யாவருக்கும் குற்றமாயின. கலிபோர்னியா மாகாணத்தின் விதி தெளிவானது. பொருத்தும் எஞ்சின் வண்டியின் ஆண்டையுடையதாகவோ அதனினும் புதியதாகவோ இருத்தல் வேண்டும். வண்டியின் வகையும் ஒத்திருத்தல் வேண்டும். பெருஞ்சுமை லாரியின் எஞ்சினைச் சிறு காரிற் புகுத்துதல் ஆகாது. புது எஞ்சினுக்குரிய கருவிகள் யாவும் உடன் வருதல் வேண்டும். 1988ஆம் ஆண்டு காரொன்றில் 1994ஆம் ஆண்டு எஞ்சினை வைக்கலாம். 1984ஆம் ஆண்டினதை வைத்தலாகாது. வைத்தபின் அவ்வண்டிக்கு 1994ஆம் ஆண்டின் கருவிகளே இலக்கணமாகும். எளியதை எடுத்துக்கொண்டு, இரண்டு எஞ்சின்களின் உறுப்புக்களைக் கலந்து வைப்பதும் ஏற்கப்படாது. இதனைக் கெடுபிடி என்பர் சிலர். கம்ப்யூட்டரும் உணர்கருவியும் ஒன்றையொன்று நம்பியே இயங்குவதால், இது நியாயமே என்பது எம் கருத்து.

இனிச் செய்முறை. ஒரு குழாயையேனும் கழற்றுமுன், எஞ்சின் மூடியின் உட்புறத்திலோ அருகிலோ ஒட்டப்பட்டுள்ள புகைத்தடை விவரச் சீட்டைப் படித்துக்கொள்க. வெற்றிடக் குழாய்கள் எங்கெங்கு செல்லுகின்றன என்னும் படம் பெரும்பாலும் அதிலே உண்டு. எஞ்சின் வாங்கும் வண்டியிலும் அச்சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுதல் நலம். ஒவ்வொரு குழாய்க்கும் மின்கம்பிக்கும் இரு முனையிலும் துணிச்சீட்டுக் கட்டி, ஒரே எண் எழுதுக. ஒரு மாதங்கழித்து நினைவு உதவாது. கிரியா ஊக்கிப் பெட்டி எஞ்சினிலிருந்து எத்துணைத் தொலைவில் இருந்ததென்பதை நாடாவால் அளந்து குறித்துக்கொள்க. அது வேலை செய்ய ஏறத்தாழ 250 முதல் 300 சென்டிகிரேட் வரை வெப்பம் வேண்டும். தள்ளி வைத்தால் வெப்பமேறக் காலதாமதமாகும், அதுகாறும் நச்சுப்புகை அப்படியே வெளியேறும். உணர்கருவியைக் கீழே போட்டுவிடலாகாது. அதற்கு முன்னுள்ள இணைப்புக்களிற் சிறு ஒழுக்கும் இருத்தலாகாது. வெளிக்காற்று புகுமாயின் பெட்ரோல் குறைவென்று பொய்க்குறிப்புத் தரும், கம்ப்யூட்டர் பெட்ரோலை மேலும் மேலும் பெருக்கும், பெட்டி சூடேறி உருகவுங்கூடும். இணைப்புக்களிற் பூசும் சிலிகோன் பசையும் உணர்கருவிக்குப் பகையாகாத வகையாயிருத்தல் வேண்டும்.

வேலை முடிந்தபின் கலிபோர்னியாவில் அரசாங்கம் நியமித்த நடுவரிடம் வண்டியைக் கொண்டுசெல்லுதல் வேண்டும். அவர் கருவிகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்து, புகையையும் சோதித்து, யாவும் சரியாயின் கதவுச் சட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டுகிறார். பிற்காலச் சோதனைகளிற் சோதிப்பவர் அச்சீட்டைக் கண்டே, வண்டியின் ஆண்டை விடுத்து எஞ்சினின் ஆண்டைக் கணக்கிற் கொள்வர்.