ஒட்டைத் திருப்பிக் காட்டு, தங்கச்சி

ஆர்கன் வெல்டிங் பழகப் போகிறேன் என்று யாராவது வந்து நின்றால் நான் முதலில் கேட்பது, "இரும்புக் கத்தியால் வாழைக்காய் நறுக்கியிருக்கிறாயா?" என்றுதான். கத்தியும் கறுக்கும், காயும் கறுக்கும், கையும் கறுக்கும். தேயிலைக் கொழுந்துச் சாற்றுக்கும் அதே குணம். அதன் துவர்ப்பு இரும்பில் பட்டால் கறுத்துப் போகும். அந்தக் காலத்து ரோலர் மேசையில் பித்தளை வைத்ததும், இப்போது கொழுந்து படுகிற இடமெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்பதும் இதனால்தான். திம்புள்ள, லிந்துலை, கொட்டகலை என்று எந்தத் தேயிலை ஸ்டோருக்குள் போனாலும் ஒரு தட்டு விரிசல் விட்டிருக்கும், ஒரு சட்டம் கழன்றிருக்கும். நல்ல கைக்கு வேலை உண்டு.

பாடப் புத்தகத்தில் 'டிக்' என்று போட்டிருக்கும். கடையில் ஆர்கன் என்று சொன்னால்தான் தெரியும். பெயர் எதுவானால் என்ன? முன்பக்கத்து ஒட்டை மீன் செதில் மாதிரி அழகாகப் போட்டுப் படம் எடுத்துக் காட்டுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். "திருப்பு" என்றதும் முகம் மாறும். பின்பக்கம் கறுத்து, அடுப்பில் கருகிப்போன சீனிப்பாகு மாதிரிப் பொரிந்து கிடக்கும். கொழுந்தும் சாறும் போய் ஒட்டிப் புளிப்பது அந்தப் பொரியில்தான். எவ்வளவு கழுவினாலும் போகாது. உனக்கு நேரமில்லை என்று தெரியும், அதனால் அந்த முதுகு கெடாமல் இருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் துடை. காலையில் பனி இறங்கின தகட்டைக் கையால் தடவினாலே ஈரம் தெரியும். அந்த ஈரத்தோடு நெருப்பு வைத்தால் ஒட்டுக்குள் ஊசித் துளை விழும். துணியால் துடைத்து, அசிட்டோன் போட்டு இன்னொரு தடவை துடை, காயவிடு. ஃபில்லர் கம்பியையும் துடை, அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பிரேக் கழுவுகிற ஸ்பிரே பக்கத்தில் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதே. குளோரின் கலந்த வகையாக இருந்தால் ஆர்க் வெளிச்சத்திலும் சூட்டிலும் ஃபொஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். ஆளையே கொல்கிற வாயு அது.

2. பிரஷ்ஷைக் கலக்காதே. இந்தப் பாடம் நான் பட்டுப் படித்தது. பழகிய முதல் வருஷம், ஒரு தட்டை ஒட்டிவிட்டு, கேட் வேலைக்கு வைத்திருந்த இரும்பு பிரஷ்ஷாலேயே தேய்த்துக் கொடுத்தேன். பளபளவென்று போனது. ஜூன் மழை தொடங்கி ஒரு கிழமைக்குள் ஒட்டைச் சுற்றித் துருப் பொட்டு. "இதுவும் துருப்பிடிக்குமா பிள்ளை?" என்று டீ மேக்கர் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. துருப்பிடித்தது தகடு இல்லை, பிரஷ்ஷிலிருந்து அதில் ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள்தான். ஸ்டெயின்லெஸ்ஸுக்கென்று ஒரு ஸ்டெயின்லெஸ் பிரஷ், ஒரு புதுக் கிரைண்டர் தட்டு. இரண்டிலும் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தனியாக வை. மரக்கறிப் பலகையில் மீன் வெட்டுவாயா? அப்படித்தான் இதுவும்.

3. டங்ஸ்டன் ஊசியைக் கூராக்கும்போது நீளவாக்கில் தேய், குறுக்காகத் தேய்த்தால் ஆர்க் அலையும். சிவப்பு முனை போட்டதில் தோரியம் இருக்கிறது, லேசான கதிர்வீச்சு உண்டு. தேய்க்கிற தூள் மூக்குக்குள் போகக்கூடாது. கடையில் கேட்டுச் சாம்பல், தங்க நிறம், நீலம் இதில் ஏதாவது ஒன்று வாங்கு, தலைவலி இல்லை. மெல்லிய தகட்டுக்கு 1.6 மில்லிமீற்றர் ஊசி போதும். டோர்ச் நெகட்டிவ் பக்கம். மாற்றிப் போட்டால் ஊசி உருண்டையாகிவிடும்.

ஊசி உருகலில் தொட்டுவிட்டதா? அப்படியே ஓட்டிக்கொண்டு போகாதே. நிறுத்து, திரும்பத் தேய், ஒட்டில் ஒட்டின துண்டையும் தேய்த்து எடு. முதல் மாதம் ஒரு நாளைக்கு இருபது தடவை தொடுவாய். எல்லாரும் தொட்டவர்கள்தான். அதனால் காலையிலேயே ஐந்தாறு ஊசி கூராக்கி வரிசையாக வைத்துவிடு, பாதி நேரம் மிச்சம்.

4. சூட்டைக் குறை. ஒட்டைக் கெடுப்பவற்றில் முக்கால்வாசி இதுதான். சாதாரண இரும்பு சூட்டை ஓடவிடும். ஸ்டெயின்லெஸ் விடாது, மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். விரிவது மட்டும் ஒன்றரை மடங்கு. சூடு ஒரே இடத்தில் நின்று தகடு அப்பளம் மாதிரி நெளியும். ஒரு மில்லிமீற்றர் தகட்டுக்கு 30 அம்பியர் பக்கமாகத் தொடங்கு, ஒன்றரைக்கு 45. அப்புறம் கூட்டலாம். ஊசிக்கும் தகட்டுக்கும் இடைவெளி ஊசியின் தடிப்பு அளவு, அதற்கு மேல் தூக்காதே. இரண்டு விரல் இடைவெளியில் டேக், அதாவது சின்னப் பொட்டு ஒட்டு, வை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே மூச்சில் ஓடாமல் நடுவில் கொஞ்சம், ஓரத்தில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போ. கை தாங்குகிற அளவுக்கு ஆறவிட்டு அடுத்ததைத் தொடு. தேத்தண்ணி குடிக்க அதுதான் நேரம்.

சரியாக வந்ததா என்று நிறம் சொல்லும். வைக்கோல் நிறம், பொன் நிறம் என்றால் நல்லது. நீலம் என்றால் கொஞ்சம் சூடு மிஞ்சிவிட்டது. சாம்பலாக, மங்கலாக இருந்தால் தகட்டைக் காக்கிற குரோமியம் வெந்துபோயிற்று என்று அர்த்தம், அந்த இடம் பின்னாளில் துருப்பிடிக்கும். நிறத்தை எடுக்கப் பிக்ளிங் பேஸ்ட் விற்கிறார்கள். அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது, தோலில் பட்டால் எலும்பு வரை போகும். பழகுகிறவள் அதைத் தொடவே வேண்டாம்.

5. முதுகுக்கும் கேஸ் கொடு. டோர்ச்சிலிருந்து வருகிற ஆர்கன் முன்பக்கத்தைத்தான் மூடும். பின்பக்கத்தில் காற்றுப் பட்டுப் பொரிகிறது. தட்டையான வேலைக்கு அடியில் தடித்த செப்புப் பட்டையை இறுக்கிப் பிடித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது: காற்றையும் மறைக்கும், சூட்டையும் இழுக்கும். குழாய் என்றால் இரண்டு வாயையும் காட்போட்டும் மாஸ்கிங் டேப்பும் போட்டு மூடி, உள்ளே ஆர்கன் விடு. ஆர்கன் காற்றைவிடக் கனம், அதனால் கீழிருந்து விட்டு மேலே ஒரு சின்ன ஓட்டை வை. ஓட்டை வைக்க மறந்தால் கடைசி அங்குலம் ஒட்டும்போது உள்ளிருக்கிற அழுத்தம் உருகலை உன் முகத்துக்கே ஊதும். கேஸ் செலவு என்று முணுமுணுக்காதே. 47 லீற்றர் சிலிண்டரில் 150 பார் இருந்தால் ஏறக்குறைய 7,000 லீற்றர். நிமிஷத்துக்கு 8 லீற்றர் விட்டால் 14 மணித்தியாலத்துக்கு மேல் வரும். சிலிண்டரைத் தின்பது முதுகுக்குக் கொடுக்கிற கேஸ் இல்லை, கசிகிற ஹோஸ். சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்.

மிக் வெல்டிங் கேஸ் இருக்கிறது, அதை மாட்டலாமா என்று கேட்டால் காதைத் திருகுவேன். அதில் கரியமில வாயு கலந்திருக்கும். ஊசி ஒரு நிமிஷம் தாங்காது. சுத்த ஆர்கன் மட்டும்.

6. காற்றைப் பார்த்து இடம் பிடி. வாட்டுகிற மாடியில் ஃபேன் ஓடும், உனக்காக அதை நிறுத்தமாட்டார்கள். ரோலிங் அறையில் ஈரப்பதத்துக்கு நீர்ப்புகை விடுவார்கள். இரண்டும் ஆர்கனுக்கு ஆகாது. கழற்ற முடிகிற பாகம் என்றால் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவா. முடியாவிட்டால் நனைத்த சாக்கைத் திரையாகக் கட்டு. காற்றுக்கு ஈடாகக் கேஸைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டினால் சுழி விழுந்து காற்றை உள்ளே இழுக்கும், நிலைமை இன்னும் மோசமாகும். ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளத் தேயிலைக்குத் தரமான காலம். அப்போது மெஷினை நிறுத்தச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளாதே. வேலையை முன்கூட்டியே பேசிக்கொள்.

7. கம்பி: 304 தகட்டுக்கு 308எல், 316க்கு 316எல். ஸ்டெயின்லெஸ்ஸைச் சாதாரண இரும்புச் சட்டத்தோடு ஒட்டவேண்டுமானால் 309எல். மீதியைக் கடைக்காரர் சொல்வார்.

8. இரண்டு கையும் இரண்டு வேலை செய்யவேண்டும். வலக்கை டோர்ச்சை நகர்த்தும், இடக்கை கம்பியைத் தள்ளும். அம்மா கொழுந்து எடுப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? இரண்டு கையும் தனித்தனியே ஓடும், கண் அடுத்த செடியில் இருக்கும். அந்தக் கை உனக்கும் வரும். ராத்திரி நாடகம் பார்க்கும்போது ஒரு கம்பித் துண்டை விரலிடுக்கில் வைத்துத் தள்ளிப் பழகு. கரண்டும் வேண்டாம், கேஸும் வேண்டாம். ஒட்டும்போது கம்பி நுனியைக் கேஸுக்கு வெளியே இழுக்காதே, கறுத்த நுனி அழுக்கை உள்ளே கொண்டுபோகும். முடித்த பிறகும் ஏழெட்டு விநாடி டோர்ச்சை அசைக்காமல் பிடி, கேஸ் வந்துகொண்டிருக்கட்டும். அவசரப்பட்டுத் தூக்குவதுதான் பாதிப் பிள்ளைகளின் வியாதி.

9. உடம்பு. குளிருக்குப் போடுகிற நைலோன் ஜேக்கட்டோடு ஆர்க் முன்னால் உட்காராதே, பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். தடித்த பருத்திச் சட்டை, கழுத்து வரை பொத்தான். பளபளத் தகட்டில் வெளிச்சம் திரும்பி அடிப்பதால் தாடைக்குக் கீழே வெந்துபோகும். கண்ணாடி 10ஆம் இலக்கம் பக்கமாக இருக்கட்டும். ராத்திரி கண்ணில் மண் போட்டமாதிரி உறுத்தினால் உருளைக்கிழங்கு சீவி வைக்காதே, தாய்ப்பாலும் விடாதே. ஆஸ்பத்திரிக்குப் போ. புகையில் குரோமியம் இருக்கிறது. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெல்டிங் புகையையே புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்திவிட்டது. தலையைப் புகைக்கு மேலே நீட்டாமல் பக்கவாட்டில் வை. தொட்டிக்குள் இறங்கி ஒட்டச் சொன்னால் தனியாக இறங்காதே. ஆர்கனுக்கு மணமில்லை, நிறமில்லை. அடியில் தேங்கி மூச்சை அடைக்கும்.

10. சேட்டிபிகேட் இல்லாமல் விடாதே. தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையத்தில் என்.வி.கியூ. பற்றி விசாரி. பல வருஷம் பட்டறையில் வேலை செய்தவர்கள் புதிதாகப் படிக்காமலே, செய்துகாட்டி மதிப்பீடு வாங்க வழியிருக்கிறது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று லயத்தில் யாராவது கேட்டால், கேட்டவர் வீட்டுக் கேட்டை ஒட்டிக்கொடுத்துக் காசு வாங்கு.

சரி, பேசிக்கொண்டே இருந்துவிட்டேன். பட்டறையைப் பூட்டும்போது சிலிண்டர் வால்வை மூடினாயா? போய்ப் பார்த்துவிட்டு வா.