விரால் எங்கே இருக்கிறது?

மாணவர்களே! நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைக்கப்படும் நீர் வாலாஜா ஏரிக்குச் செல்வதை அறிவீர்கள். இப்பகுதி ஏரி, குளங்களில் பங்குனி, சித்திரை மாதங்களில் தூண்டில் போடுபவர் விரால் இருக்குமிடத்தை எவ்வாறு அறிகிறார்?

முதல் அடையாளம் சலசலப்பு. 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். வெயில் ஏற ஏறக் கெண்டை திணறும். விராலுக்கோ செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் அறை உண்டு. ஆகவே அது அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்லும். அது மேலே வந்த இடத்தருகே, கோரைப்புல் ஓரமாக, சிறு தவளையை முள்ளில் கோத்துப் போடுவார்கள்.

ஈட்டியால் குத்துபவர் பலமுறை தவறுவது ஏன்? ஒளிவிலகலே காரணம். நீரின் விலகல் எண் 4/3. நேர் மேலிருந்து பார்த்தால் 60 செ.மீ. ஆழத்திலுள்ள மீன் 45 செ.மீ. ஆழத்தில் தெரியும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே தெரியும். எனவே மீன் தெரியும் இடத்திற்குக் கீழே குறி வைக்கவேண்டும். 80 செ.மீ. ஆழத்து மீன் எங்கே தெரியும்? கணக்கிட்டுப் பாருங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்ப்பரப்பில் மொய்த்தால், தாயும் தந்தையும் அடியில் காவல் நிற்கின்றன என்று பொருள். அப்போது பிடிப்பது மிக எளிது. ஆனால் காவல் போனால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். அடுத்த ஆண்டு ஏரியில் விரால் குறையும். அந்த இடத்தில் மட்டும் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளுங்கள்.