ஒரு மில்லிமீட்டர்தான்! கணுக்கால் ஆபரேஷனும் சர்ஜனின் பயிற்சியும்

கணுக்கால் முறிஞ்சா பிளேட் வச்சு ஸ்க்ரூ போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். எந்த பிளேட், எத்தனை ஸ்க்ரூ என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது சர்ஜன்தான். அவர் பெற்ற பயிற்சி செலவையும் பலனையும் எப்படி மாற்றுகிறது என்பதை நம்ம மெக்கானிக்கல் பாடத்தை வச்சே பார்க்கலாம்.

முதல்ல டாலரன்ஸ். டிபியா, ஃபிபுலா ரெண்டும் கவ்வி மாதிரி நிற்க, நடுவில் தாலஸ் எலும்பு உட்கார்ந்திருக்கும். ராம்சே, ஹாமில்டன் இருவரும் 1976-ல் வெளியிட்ட சோதனையில், தாலஸ் வெளிப்பக்கமாக 1 மி.மீ. நகர்ந்ததுமே மூட்டின் தொடு பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்தது. சுமை அதே, பரப்பு மட்டும் குறைவு. ஸ்ட்ரெஸ் என்னாகும்னு நீங்களே சொல்லுங்க!

அதனால் எலும்பை இருந்த இடத்திலேயே சேர்ப்பதுதான் முதல் வேலை, உலோகம் அப்புறம். ஃபிபுலா சாய்வாக முறிந்திருந்தால் 'லேக் ஸ்க்ரூ' போடுவார்கள். கிட்ட இருக்கிற துண்டில் 3.5 மி.மீ. துளை, எதிர்த்துண்டில் 2.5 மி.மீ. துளை. மரை எதிர்த்துண்டை மட்டும் பிடிக்கும். முறுக்க முறுக்க ரெண்டு துண்டும் இறுகும். போல்ட் ப்ரீலோடு, அவ்வளவுதான். அந்த ஸ்க்ரூ முறுக்கு விசை தாங்காமல் போய்விடக் கூடாது என்று மேலே 1 மி.மீ. தடிமனில் ஒரு சாதாரண பிளேட். செலவு குறைவு.

லாக்கிங் பிளேட் வேற ரகம். ஸ்க்ரூவின் தலையே பிளேட்டில் மரையிட்டு உட்காரும். எலும்பின் பிடிமானத்தை அவ்வளவாக நம்பாது. எலும்பு மெலிந்த வயசானவங்களுக்கும், நொறுங்கிய முறிவுக்கும் உதவும். விலை பல மடங்கு. திடமான எலும்பில் எளிய முறிவு என்றால் பெரும்பாலும் தேவையே இல்லை. லேக் ஸ்க்ரூவில் கை தேர்ந்தவர் அதை நம்பி நிற்பார். பழக்கமில்லாதவருக்கு "எதுக்கும் இருக்கட்டும்" என்று தோன்றுவது இயல்பு. டிசைன் ப்ராஜெக்டில் நாம ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியை ஏத்துறோமே, அதே கதை.

விலையாவது தெரியுமா? அமெரிக்காவின் 7 கல்வி மருத்துவமனைகளில் எலும்பு மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு 2014-ல் வெளியானது. தாங்கள் பொருத்தும் சாதனங்களின் விலையை 20 சதவீத வித்தியாசத்துக்குள் சரியாகச் சொன்னது, அனுபவ சர்ஜன்களில் 21 சதவீதம், பயிற்சியில் இருப்பவர்களில் 17 சதவீதம். வருஷங்கள் கூடியும் விலையறிவு பெரிசா கூடவில்லை.

அதுக்காக மலிவா முடிச்சா போதும்னு நினைச்சுடாதீங்க. டிபியாவும் ஃபிபுலாவும் சேரும் தசைநார் இணைப்பு அறுந்தால் குறுக்கே ஸ்க்ரூ போட்டுப் பிடிப்பார்கள். 2006-ல் வந்த ஓர் ஆய்வில், இப்படிச் செய்த 25 பேரைச் சி.டி. ஸ்கேனில் பார்த்தபோது 13 பேருக்கு எலும்பு இடம் பிசகியிருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் இதில் பாதிக்குமேல் சிக்கவே இல்லை. மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வந்தால், பிளேட்டில் மிச்சம் பிடித்த காசெல்லாம் ஒரே நாளில் கரைந்துவிடும்.