தைராய்டு சஸ்திர சிகிச்சையின் வளர்ச்சி

நம் கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ளது தைராய்டு என்னும் கோளம். அதன் பின்னே குரலை இயக்கும் நரம்புகள் செல்கின்றன. இரத்தத்தின் சுண்ணாம்புச் சத்தைச் சமன் செய்யும் சிறு கோளங்களும் அதனை ஒட்டியே கிடக்கின்றன. ஆதலின், அங்கே கத்தி சிறிது பிசகினும் பெருந்தீங்கு விளையும்.

ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துச் சஸ்திர வைத்தியர் தியோடர் கோக்கர், இரத்தப் பெருக்கைத் தடுத்து, பொறுமையுடன் அறுக்கும் முறையால் இச்சிகிச்சையில் மரணத்தைப் பெரிதும் குறைத்தார். ஆயினும், கோளம் முற்றிலும் நீக்கப்பெற்றோருட் பலர் பின்னர் உடல் தடித்து, அறிவு மந்தமுற்றதை 1883-ல் அவரே வெளியிட்டார். 1909-ல் நோபெல் பரிசு அவரை அடைந்தது.

பிற்காலத்தில் தைராக்ஸின் மாத்திரை அக்குறையை ஈடுசெய்தமையால், புற்றுநோய்க்கு முழுக்கோளத்தையும் நீக்குதல் பெருவழக்காயிற்று. அவ்வழக்கமே அண்மைக் காலத்தில் மாறிவருகிறது. 1993-ல் ஜப்பானின் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையார், 1 சென்டிமீட்டருக்கு மேற்படாததும் அபாயக்குறி யற்றதுமான புற்றை அறுக்காது, காலந்தோறும் சோதித்துவரத் தொடங்கினர். அவற்றுட் பெரும்பாலன வளரவில்லை. அமெரிக்கத் தைராய்டு சங்கமும் 2015-ல், கோளத்தின் உள்ளேயே அடங்கிய 1 முதல் 4 சென்டிமீட்டர் வரையுள்ள புற்றுகளுட் பலவற்றிற்கு ஒருபாதியை நீக்குதலே போதும் எனக் கூறிற்று. இப்பொழுது மின்கருவியால் நரம்பின் நிலையை அறிந்தவாறே அறுக்கின்றனர். சிலர் வாய்வழியே கருவி செலுத்திக் கழுத்தில் தழும்பின்றியும் முடிக்கின்றனர்.

நோயை அகற்றுதலோடு நோயாளியின் குரலையும், இயல்பான வாழ்வையும் காத்தலே சிகிச்சையின் முழுவெற்றி என்பதை நாம் இவ்வரலாற்றால் உணர்கிறோம்.